பொற்சட்டமும் முடிமன்னர் முகமும்

ஆட்சிகள் மாறுந்தோறும் அவற்றின் அடையாளங்கள் என்னாகும் என்னும் வினா, கொட்டியாரக் குடாவை அடுத்த கிண்ணியாவில் வாழ்வோர்க்குப் புதியதன்று. அயலிலுள்ள திருகோணமலைத் துறைமுகம் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைக்கு மாறியது. 1795இல் கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1803இல் அதற்குத் தம் இளவரசர் பிரடெரிக்கின் பெயரைச் சூட்டினர். ஆட்சி நீங்கியது, பெயர் நீங்கவில்லை. பெயரினும் சிக்கல் மிக்கது ஓவியம். அது முகத்தையே காண்போர் முன் நிறுத்துகின்றது. இவ்வினாவுக்கு ருஷிய மன்னர் ஒருவரின் உருவப்படங்கள் அரியதொரு விடை தருகின்றன.

தஞ்சாவூர் ஓவியத்திலே பொற்றகடு படத்தின் உள்ளே அமைந்து, தெய்வத்தின் அணியாகவும் மண்டபமாகவும் ஒளிர்கின்றது. ஐரோப்பிய அரச ஓவியத்திலோ பொன் புறத்தே சட்டமாக நிற்கின்றது. மரத்தின்மேல் வெண்சுண்ணப் பூச்சும் செம்மண் பூச்சும் இட்டு, அதன்மேல் மிக மெல்லிய பொன்னிதழை ஒட்டுவர். உள்ளே இருப்பவர் யாவராயினும், சட்டம் அவரை 'அரசர்' என அறிவித்துவிடும். ஆகவே பொற்சட்டத்தினுள் வரையும் ஓவியனுக்கு ஒரு சோதனை உண்டு: அவன் வரைவது பதவியையா, மனிதரையா?

இரண்டாம் நிக்கலஸ், பட்டத்துக்குரிய இளவரசராய்க் கீழைநாடுகளைச் சுற்றியபோது 1891இல் இலங்கைக்கும் வந்தவர். அவர் முடிசூடிய 1896ஆம் ஆண்டிலே, இலியா கல்கின் என்னும் ஓவியர் அவரைப் பெரியதொரு திரையில் வரைந்தார். சீருடையுடன் நிற்கும் அக்கோலத்திலே மாட்சி உண்டு, திருத்தம் உண்டு. ஆயினும் அம்முகம் காண்போரோடு உரையாடுவதில்லை. அது அரியணையின் படம்.

1900இல் வலந்தீன் சேரொவ் வரைந்த படமோ வேறு. எளியதொரு படைத்துறை மேற்சட்டை. மேசைமேல் கோத்த கைகள். நேரே நோக்கும் கண்கள். முடியுமில்லை, செங்கோலுமில்லை. பேரரசின் சுமையைத் தாங்க அஞ்சும் மெல்லியல்பினர் ஒருவர் அங்கே அமர்ந்திருக்கின்றார். பொற்சட்டத்தை அகற்றினாலும் இப்படம் குன்றாது. கல்கினின் படத்துக்கு அவ்வுறுதி கூறுதல் அரிது.

எனினும், புரட்சி வந்தபோது தரம் எப்படத்தையும் காக்கவில்லை. 1917இல் மாரிக்கால அரண்மனையில் சேரொவின் மூலப்படம் சிதைக்கப்பட்டது. அவரே எழுதிவைத்த மறுபடியொன்று மொஸ்கோவின் திரெத்தியாக்கொவ் கூடத்தில் எஞ்சியுள்ளது. கல்கினின் படத்தைக் காத்தவரோ மற்றோர் ஓவியர். 1924இல் விளாதிசிலாவ் இஸ்மயிலொவிச், அத்திரையைப் புறம் திருப்பி, மறுபக்கத்தில் லெனினை வரைந்தார். மன்னரின் பக்கத்தை நீரிற் கரையும் வண்ணத்தால் மூடினார். சுரண்டி அழித்திருக்கலாம், அழித்திலர். கழுவினால் நீங்கும் பூச்சை அவர் தேர்ந்தமையே அவர் உள்ளத்தைக் காட்டும். சென்ட் பீற்றர்ஸ்பேர்க்கின் பாடசாலையொன்றில் லெனினாய்த் தொங்கிய அத்திரையின் மறைபொருள் 2013இல் தெரியவந்தது. ஸ்ரீக்லிற்ஸ் கலைக்கழகத்தார் அதனைச் செப்பனிட, 2016இல் மன்னர் மீண்டும் வெளிப்பட்டார். ஒருவரை ஒருவர் மறுத்த இரு ஆட்சிகள் இன்று ஒரே துணியின் இருபுறமும் நிற்கின்றன. சுவரில் மாட்டினால் ஒரு முகமே தெரியும். இரண்டையும் காண விழைவோர் சுற்றிவருதல் வேண்டும்.

இதனால் பெறப்படுவது யாது? சேரொவின் ஓவியம் உயர்ந்தது, கல்கினின் ஓவியம் தாழ்ந்தது என அளந்து கூறுதல் திறனாய்வின் கடன். தாழ்ந்ததை அழித்தல் அதன் கடனன்று. மாட்சியைப் பாடும் படமும், தன் காலம் எதனை மாட்சியெனக் கருதிற்று என்பதற்குச் சான்றாகும். சான்றை இழந்த தலைமுறைக்கு முந்தையோர் பிழையும் விளங்காது, பெருமையும் விளங்காது. சிறந்த படம் மறுபடியாய் மட்டுமே எஞ்ச, எளிய படம் மூலமாகவே பிழைத்ததற்குக் காரணம் பொற்சட்டமன்று. தான் விரும்பாத காலத்தையும் அழிக்க ஒருப்படாத ஒரு தூரிகையே. பல கொடிகள் ஏறி இறங்கிய துறைமுகத்தருகே வாழ்வோர் உள்ளத்திருத்தத் தக்கது அத்தூரிகையின் செயலேயாம்.