கேக்கைத் தின்ற பிறகு

கேக்கைத் தின்னவும் வேண்டும், அது மிச்சம் இருக்கவும் வேண்டும் என்றால் நடக்காது என்கிறது ஓர் ஆங்கிலப் பழமொழி. கூழுக்கும் மீசைக்கும் ஆசைப்படுகிற அதே கதைதான். 1546இல் வெளிவந்த ஜான் ஹேவுட்டின் பழமொழி நூலில் தின்பது முன்னால், வைத்திருப்பது பின்னால். இன்று எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் திருப்பிப் போடுகிறார்கள். எனக்குப் பழைய வரிசைதான் உயிர். வைத்திருந்த கேக்கைப் பிறகு தின்பதில் என்ன தடை? தின்று தீர்த்ததை இன்னும் இருக்கச் சொல்லிக் கேட்கும்போதுதான் அந்தப் பேராசை முழுசாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் நான் இப்படியே எழுதுகிறேன்.

இந்த வரிசையை விடாமல் காத்தவர்களில் ஒருவர், குண்டுகள் அனுப்பி மூவரைக் கொன்ற தியடோர் கசின்ஸ்கி என்பது வேதனை. 1995இல் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட, அவர் பெயர் சொல்லாமல் எழுதிய நீண்ட அறிக்கையில் பழமொழி பழைய வடிவிலேயே இருந்தது. அவருடைய பழைய கடிதம் ஒன்றிலும் அப்படியே. எஃப்.பி.ஐ.யின் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டார். அண்ணனின் எழுத்து நடையைத் தம்பி டேவிட்டும் அடையாளம் கண்டிருந்தார். 1996 ஏப்ரலில் மொன்டானாவின் சிறு குடிலில் கசின்ஸ்கி கைதானார்.