கீழ்நிலைக் கால்பந்தும் கலைக்களஞ்சியக் காவலும்

பெரிய விஷயங்களைப் பற்றி எழுத ஆள் கிடைப்பது எளிது. உலகக் கோப்பையின் இறுதியாட்டம் முடிந்து அரங்கத்தின் விளக்குகள் அணையும் முன்பே, அதன் முடிவு இணையக் கலைக்களஞ்சியத்தின் பல மொழிப் பக்கங்களிலும் ஏறிவிடுகிறது. சில நூறு பேர் வேலியோரம் நின்று பார்க்கும் ஒரு கீழ்நிலை லீக்கின் வரலாற்றை, யாரும் கேளாமலும் ஊதியம் எதிர்பாராமலும், பருவத்துக்குப் பருவம் திருத்தியும் நிரப்பியும் காத்துவருவதோ தனிச் சிரத்தையைக் கோரும் தொண்டு. 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் தோன்றிய விக்கிப்பீடியாவில் இத்தொண்டு இன்று நிலைபெற்ற ஒரு சம்பிரதாயமாகிவிட்டபடியால், அதன் குணதோஷங்களை நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது அவசியம் என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்தின் இஸ்த்மியன் லீக்கை உதாரணமாகக் கொண்டு அதைச் செய்ய முற்படுகிறேன்.

1905-இல் லண்டனின் அமெச்சூர் கழகங்கள் ஆறு கூடி நிறுவியது இந்த லீக். பணத்துக்காக ஆடுவதைத் தாழ்வாக எண்ணிய அக்காலத்துக் கனவான்களின் மனோபாவத்துக்கு இசைய, வாகை சூடும் கழகத்துக்குக் கோப்பையோ பதக்கமோ தருவதில்லை என்றும், கௌரவமே போதும் என்றும் அது விதித்துக்கொண்டது. இன்று ஆங்கிலக் கால்பந்தின் ஏழாம் படியில் ஒரு பிரீமியர் டிவிஷனும், எட்டாம் படியில் மூன்று பிராந்தியப் பிரிவுகளுமாக அது விரிந்திருக்கிறது. பருவம் முடிந்ததும் சில கழகங்கள் மேலேறுகின்றன, சில கீழிறங்குகின்றன, சில அண்டை லீக்குகளுக்கு மாற்றப்படுகின்றன, அபூர்வமாகச் சில அடியோடு மறைகின்றன. லீக்கின் பக்கத்தில் ஒரு கழகத்தின் பெயரை மாற்றினால், அக்கழகத்தின் பக்கத்திலும், அது நீங்கிய பிரிவிலும், சேர்ந்த பிரிவிலும், வாகையர் பட்டியலிலும் அதே மாற்றம் செய்யப்பட வேண்டும். ஓரிடத்தில் தவறினால் பக்கத்துக்குப் பக்கம் முரண்பட்டு, வாசகன் எதை நம்புவதென்று திகைப்பான்.

இவ்வழக்கத்தின் முதற்குணம், சிதறிக் கிடந்ததை ஒன்றுசேர்த்து யாவருக்கும் பொதுவாக்கியது. கழகங்களின் ஆட்ட மலர்களிலும், ஊர்ச் செய்தித்தாள்களின் கடைசிப் பக்கங்களிலும், சில ஆர்வலர்களின் சொந்தச் சேகரங்களிலும் முடங்கியிருந்த செய்திகள் இன்று ஒரு பள்ளிச் சிறுவனுக்கும் எட்டுகின்றன. வணிக விளம்பரத்தின் மறதியினின்று லீக்கைக் காப்பது அடுத்த குணம். 1970-களில் ஒரு சிகரெட் நிறுவனத்தின் பெயரைச் சூடிய நாள்முதல், ரோத்மன்ஸ், பெர்கர், ரைமன், பாஸ்டிக் என்று புரவலருக்குப் புரவலர் இந்த லீக்கின் பெயர் மாறிவந்திருக்கிறது. ரைமன் என்ற பெயர் மட்டுமே 1997 முதல் 2017 வரை வழங்கியதால், அந்தத் தலைமுறை ரசிகர்களில் பலருக்கு வேறு பெயர் வாயில் வருவதே அரிது. இத்தனை பெயர்களையும் உரிய காலங்களோடு குறித்து, தலைப்பில் மட்டும் 1905-இன் பெயரையே நிறுத்தி வைத்ததனால், நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு ஸ்தாபனத்தின் தொடர்ச்சி வாசகனுக்குப் புலனாகிறது. மேலும், யார் எப்பொழுது எதை மாற்றினார் என்பது முழுவதும் பக்கத்தின் வரலாற்றில் தங்கிவிடுகிறது. தன் திருத்தங்களை இவ்வளவு வெளிப்படையாக முன்வைக்கும் அச்சு நூல் எதுவும் இல்லை.

இவ்வழக்கத்தின் மேன்மையைச் சோதித்துக் காட்டியது 2020-ஆம் ஆண்டு. கொரோனா நோயால் ஆட்டங்கள் நின்ற அந்த மார்ச்சில், இஸ்த்மியன் லீக்கின் படியிலும் அதற்குக் கீழும் நடந்த லீக்குகளின் பருவம் முழுவதும் ரத்தாகி, ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் யாவும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. மேற்படிகளிலோ பிரீமியர் லீக் ஜூலையில் ஆடி முடிக்கப்பட்டது; லீக் ஒன்று, லீக் இரண்டு ஆகியவற்றில், ஓர் ஆட்டத்துக்குக் கிடைத்த சராசரிப் புள்ளியைக் கணக்கிட்டு வரிசை நிர்ணயிக்கப்பட்டது. அதாவது மேலே ஆடாத ஆட்டங்களுக்கும் பலன் கிடைத்தது. கீழே ஆடிய ஆட்டங்களும் இல்லாமற் போயின. அப்பொழுது இஸ்த்மியன் லீக்கில் முதலிடத்தில் இருந்த வொர்திங் கழகம், பாதியில் நிறுத்தப்பட்ட அடுத்த பருவத்திலும் முதலிடத்திலேயே நின்றுவிட்டு, 2021–22-இல்தான் ஒருவாறு வாகை சூடி மேலேறியது. நிர்வாகத்தின் கண்ணில் அவ்விரு பருவங்களுக்கும் வாகையர் இல்லை. ஆயினும் மழையிலும் குளிரிலும் ஆடியவர்கள் ஆடியது பொய்யாகுமா? வாகையர் வரிசையில் வெற்றிடம் விட்டு, அந்தப் பருவம் நின்ற நிலையில் இருந்த புள்ளிப் பட்டியலையும், அது செல்லாதாக்கப்பட்ட காரணத்தையும் அருகருகே வைப்பதொன்றே இதற்கு நேர்மையான விடை. சட்டப்படி நிற்கும் உண்மையையும் மைதானத்தில் நிகழ்ந்த உண்மையையும் ஒன்றுக்கொன்று பலியிடாமல் காக்கும் இக்காரியமே கலைக்களஞ்சியக் காவலின் உச்சம்.

இனி தோஷங்களுக்கு வருவோம். விக்கிப்பீடியாவின் உள்ளடக்கத்துக்கு அடிப்படைப் பிரமாணங்கள் மூன்று: நடுநிலை நோக்கு, ஆதாரத்தால் மெய்ப்பிக்கத்தக்கமை, சொந்த ஆராய்ச்சியை விலக்குதல். நேரில் கண்டவன் என்ற உரிமையில் ஒருவன் எதையும் எழுதலாகாது. நம்பத்தக்க வேறொருவர் முன்னரே வெளியிட்டிருக்க வேண்டும். மேல்நிலை லீக்குகளுக்கு இது பாரமன்று. அங்கே ஓர் ஆட்டத்துக்குப் பல செய்தியாளர் வருவர். கீழ்நிலையிலோ ஊர்ச் செய்தித்தாள் ஒன்றே சாட்சி. 2005-க்குப் பிறகு பிரிட்டனில் அத்தகைய தாள்கள் 200-க்கும் மேல் மூடப்பட்டுவிட்டன. எஞ்சியது லீக்கின் சொந்த இணையதளமும் கழகங்களின் அறிவிப்புகளுமே. இவை தம்மைப் பற்றித் தாமே சொல்லும் சாட்சிகள். தளம் புதுப்பிக்கப்படும் நாளில் பழைய பக்கங்கள் மறைந்து, அவற்றைச் சுட்டிய மேற்கோள்களும் உயிரிழந்துவிடுகின்றன.

ஆதாரம் மெலிந்த இடத்தில் பொய் நுழைவது சுலபம். 2008-இல் மான்செஸ்டர் சிட்டியை எதிர்த்து ஆடவிருந்த சைப்ரஸ் நாட்டு ஓமோனியா கழகத்தின் ரசிகர்கள், வீசியெறிந்த காலணிகளாற் செய்த தொப்பிகளை அணிவார்கள் என்று யாரோ விக்கிப்பீடியாவில் விஷமமாக எழுதி வைக்க, அதை லண்டனின் டெய்லி மிரர் நாளிதழ் மெய்யென்று எடுத்து அச்சிட்டது. அச்சேறிய பின் அந்தப் பொய்யே அந்தப் பொய்க்கு ஆதாரமாகக் காட்டத்தக்கதாகிவிடுகிறது. ஐரோப்பியப் போட்டியில் ஆடிய ஒரு பிரபலக் கழகத்துக்கே இக்கதி நேர்ந்ததென்றால், ஓரிருவர் மட்டுமே கவனித்துவரும் கீழ்நிலைக் கழகங்களின் பக்கங்களில் எத்தனை பொய்கள் ஆண்டுக்கணக்கில் உறங்கக்கூடும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மற்றொரு தோஷம் பற்றினால் விளைவது. இத்தகைய பக்கங்களைக் காப்போரிற் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு கழகத்தின் அன்பர்களாகவே இருப்பர். அன்பில்லாதவர் இவ்வளவு உழைக்கவும் மாட்டார். விம்பிள்டன் விவகாரம் இதற்குத் தக்க சான்று. 1921 முதல் 1964 வரை இஸ்த்மியன் லீக்கில் ஆடிப் பன்முறை வாகை சூடிய பழைய விம்பிள்டன் கழகம், காலப்போக்கில் உயர்ந்து 1988-இல் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றபின், மில்டன் கீன்ஸ் நகருக்குக் குடிபெயர 2002-இல் அனுமதி பெற்றது. மனமுடைந்த ரசிகர்கள் அவ்வாண்டே ஏ.எஃப்.சி. விம்பிள்டனை நிறுவினர், அது 2004 முதல் 2008 வரை அதே இஸ்த்மியன் லீக்கின் வழியே ஏறி, 2011-இல் ஃபுட்பால் லீக்கையே எட்டியது. பழைய வாகைகள் யாருக்குச் சொந்தம்? ரசிகனின் நெஞ்சம் ஒரே கழகம் என்கிறது. பதிவேடு இரண்டு என்கிறது. குடிபெயர்ந்த கழகமே 2007-இல் பழைய பெருமைகளின் மீதுள்ள உரிமையை விட்டுக்கொடுத்ததும் கணக்கில் எடுக்கத்தக்கது. இங்கே காவலர் தீர்ப்பு வழங்கப் புகுந்தால் தம் வரம்பை மீறியவராவார். இரு கூற்றுகளையும் ஆதாரத்தோடு வைத்து ஒதுங்கி நிற்பதே உசிதம்.

எனினும் என் கருத்தில் ஆகப் பெரிய தோஷம் வேறு. எண்ணத்தக்கதெல்லாம் பதிவாகிறது, எண்ணமுடியாதது கைநழுவுகிறது. ஆட்டங்கள், வெற்றிகள், கோல்கள், புள்ளிகள் ஆகியவற்றைக் கட்டங்களில் நிரப்புவது திருப்தி தரும் வேலை. கணக்குப் பார்க்கவும் எளிது. ஆனால் கௌரவமே போதும் என்று தொடங்கிய லீக் எவ்வாறு புரவலர் பெயரைச் சூடியது, 1974-இல் ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் அமெச்சூர், தொழில்முறையாளர் என்ற பேதத்தை ஒழித்தபோது அதன் ஆன்மாவுக்கு என்ன நேர்ந்தது, மைதானத்தின் நில மதிப்பு உயர்ந்தபோது கழகங்கள் ஏன் வீடிழந்தன என்பன போன்ற கேள்விகளுக்குக் கட்டம் விடை சொல்லாது. நடப்புப் பருவத்தின் பட்டியல் ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் திருத்தப்படுகையில், 1920-களின் வரலாறு இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடுவது சமநிலை குலைந்ததன் அடையாளம். காரணத்தைச் சொல்லாத முடிவு, வேரைக் காட்டாமல் வெட்டி வைத்த கிளையைப் போன்றது. சில நாள் பசுமையாயிருக்கும்.

ஆகவே இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் சிரத்தை திசை திரும்ப வேண்டும் என்கிறேன். பருவம் முடியும்போதெல்லாம் பட்டியலுக்கு முன், அப்பருவத்தில் லீக்கின் அமைப்பு மாறியதா, மாறினால் ஏன் என்று ஆதாரத்தோடு ஒரு பத்தி எழுதப்பட வேண்டும். சுட்டும் இணையப் பக்கம் ஒவ்வொன்றின் பிரதியும் மறையுமுன் ஆவணக்காப்பகத்தில் சேர்க்கப்பட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியை நிரப்ப, நூலகங்களின் பழைய செய்தித்தாள்களை நாட வேண்டும். ஆதாரம் அகப்படாத இடத்தில் அழகான ஊகத்தைக் காட்டிலும் வெறுமையே மேல்.

கால்பந்தின் மிகப் பெரும்பகுதி சிகரத்தில் நடப்பதில்லை. வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்கு வரும் மனிதர்களைக் கொண்டு இத்தகைய படிகளில்தான் நடக்கிறது. அவர்களுடைய ஆட்டத்துக்கும் பிழையற்ற சாட்சியம் கிடைக்க உரிமை உண்டு என்று ஏற்பவர்கள், முடிவைக் குறிக்கும் அதே கையால் அதன் காரணத்தையும் குறிக்கக் கடமைப்பட்டவர்கள். அந்தக் கடமை நிறைவேறும் அளவுக்கே இத்தொண்டு வரலாறு என்ற பெயருக்குத் தகுதி பெறும்.