யாருடைய சம்மதம்?

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) என்றாலே நாம் திருவிழாவைத்தான் பேசுகிறோம். எனக்கு அந்த நாவல் ஒரு வார்த்தையில் நிற்கிறது: சம்மதம்.

குழந்தையில்லாத பொன்னாவைத் திருச்செங்கோட்டுத் தேர்நோம்பியின் பதினாலாம் நாள் இரவுக்கு அனுப்பக் காளிக்கு மனசில்லை. அவன் சரியென்றால் போகிறேன் என்பது அவள் நிலை. அவன் ஒத்துக்கொண்டதாகப் பொன்னாவின் உடன்பிறந்த முத்து பொய் சொல்கிறான். அவள் போகிறாள்.

பொய்யை நம்பித் தந்த சம்மதம், செய்பவருக்கு அது தெரிந்திருந்தால், சம்மதமே அல்ல என்கிறது 1860 தண்டனைச் சட்டத்தின் 90ஆம் பிரிவு (இப்போது நியாய சன்ஹிதாவில் 28). திருவிழாக் கூட்டத்து அந்நியனுக்கு எதுவும் தெரியாது. தெரிந்த முத்து அங்கே இல்லை. சட்டத்துக்குள் சிக்காத குற்றம் இது.

எங்க கெணத்துக்கடவுப் பக்கம் பொண்ணு பார்க்க வந்தால், “பொண்ணுக்குச் சம்மதம்தானுங்களே?” என்று அப்பாவிடம்தான் கேட்பார்கள். “நாங்க சொன்னாச் சரிங்கும்ங்க” என்பார் அவரும். (நான் எழுதும் மென்பொருளில்கூட ‘ஐ அக்ரீ’யை அவரவர்தான் அமுக்க வேண்டும். படிக்காமல் அமுக்குவது வேறு கதை.) பொன்னாவுக்கும் அதேதான். அவளுடைய ‘சரி’க்குள் இருப்பது காளியின் ‘சரி’, அதுவும் போலி.

ஆனால் நாவல் காளியின் காயத்தோடு பூவரச மரத்தடியில் முடிந்துவிடுகிறது. ஏமாற்றப்பட்டவள் அவளுந்தானே? தொடர்ச்சியான ‘அர்த்தநாரி’யில் (2014) காளி உயிரோடிருக்கிறான், அவளிடம் பேசுவதில்லை. தண்டனையும் அவளுக்கே. முத்துவின் பொய்யை அவள் எப்படிச் செரித்தாள் என்பதைத்தான் நான் அந்தப் பக்கங்களில் தேடிக்கொண்டிருந்தேன்.