நீலமில்லாத ப்ளூபிரின்ட்

'திட்டத்தின் ப்ளூபிரின்ட் ரெடி' என்று பேப்பரில் படிக்கிறீர்களே, அந்த நீலத் தாளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. மூல வரைபடத்தை ரசாயனத் தாளோடு ஒட்டிவைத்து வெளிச்சம் காட்டுவார்கள். பிரதியும் கிட்டத்தட்ட அதே சைஸில் வரும்.

ஜெராக்ஸ் அப்படியில்லை. ஏ1 டிராயிங்கை ஏ3-க்குச் சுருக்கினால் நீள அகலம் பாதி. 1:100 என்பது 1:200 ஆகிவிடும். மூலைப் பெட்டி மட்டும் 1:100 என்று கூசாமல் பொய் சொல்லும். ஸ்கேல் வைத்து அளந்தால் பத்தடி ரூம் அஞ்சடி! படத்தோடு சேர்ந்து சுருங்கும் அளவுக் கோடு ஒன்று போட்டிருந்தால் இந்த வம்பு இல்லை. ஃப்ளாட் விற்பவர்கள் நீட்டும் பிரதிகளில் நான் அதை அதிகம் பார்த்ததில்லை.

ஃபைலில் மடிக்கும்போது வலது கீழ் மூலை வெளியே தெரியவேண்டும் என்பது டிராஃப்ட்ஸ்மேன் பாலபாடம். திருத்த எண்ணும் தேதியும் அங்கேதான். அதைப் பார்த்தீர்களா? உங்கள் கையில் இருப்பது பால்கனியை வெட்டுவதற்கு முந்தைய பிளானாக இருக்கலாம்.