எந்த மண்ணில் அளந்தது?

விஞ்ஞானம் சமூகத்துக்குள் எப்படி அதிகாரமாகிறது என்று அறிய விரும்புவோர் பிரையன் வின்னின் செம்மறியாட்டு ஆய்வை அவசியம் வாசிக்க வேணும்.

1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிரியக்க சீசியம் மழையோடு வட இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் இறங்கியது. ஜூனில் ஆடுகளை விற்கவும் அறுக்கவும் தடை வந்தது. மூன்று கிழமையில் சரியாகிவிடும் என்றார்கள் நிபுணர்கள். களிமண் சீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது அவர்களுடைய கணக்கு. அந்த மலைகளிலோ இருந்தது உக்கிய தாவரங்களாலான அமில மண். அதில் சீசியம் புல்லில் ஏறி, ஆட்டுக்குள் போய், எச்சமாக மண்ணுக்கே திரும்பியது. கடைசித் தடை நீங்க 2012 ஆயிற்று.

மேய்ப்பர்கள் நிபுணர்களை நம்பாமல் போனதற்கு அறியாமை காரணமல்ல என்கிறார் வின். தங்கட மலையையும் மேய்ச்சலையும் பற்றி அவர்கள் அறிந்ததை ஒருவரும் கேட்கவில்லை; நிச்சயமில்லாததையும் நிச்சயமாகச் சொல்லிப்போட்டார்கள்.

இதை வாசிக்கும் எங்களுக்கு ஜனாஸா எரிப்பு நினைவுக்கு வராமல் இராது. உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கத்தையும் அனுமதித்திருக்க, 2020 ஏப்ரலில் இங்கே எரிப்பு கட்டாயமானது. நிலத்தடி நீர் மாசுபடும் என்றார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்க அனுமதி வந்தது; ஓட்டமாவடியில் மையித்துகள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

ஆனால் வின்னின் கண்ணாடியால் எல்லாம் தெரியாது. கம்ப்ரியாவில் நடந்தது உள்ளூர் அறிவைப் பற்றிய அலட்சியம். இங்கே அதோடு இனவெறுப்பும் சேர்ந்தது. இன்னொன்று: எங்கட நியாயத்துக்குத் துணை நின்றதும் விஞ்ஞானம்தான். உயிருள்ள கலத்துக்கு வெளியே வைரஸ் பெருகாது என்பது பாடப்புத்தகச் செய்தி. ஆகவே விஞ்ஞானத்தையே வெறுப்பது எங்களுக்கு நாங்களே செய்யும் அநியாயம்.

அந்த நாட்களில் நானும் இரண்டு கவிதை எழுதினேன். கண்ணீர் இருந்தது, துஆ இருந்தது. "எந்தக் கிணற்றைப் பரிசோதித்தீர்கள்? முடிவு எங்கே?" என்ற கேள்வி மட்டும் இல்லை. அப்போது நான் வாசித்த கவிதைகள் பலவற்றிலும் இந்தக் குறை உண்டு. புலம்பலும் இலக்கியம்தான், ஆனால் அதிகாரம் புலம்பலுக்குக் கணக்குக் காட்டத் தேவையில்லை, கேள்விக்குக் காட்டியாக வேணும்.

"விஞ்ஞானம் சொல்கிறது" என்று யாரும் வந்தால், எந்த மண்ணில் அளந்தது என்று கேட்க எங்கட பிள்ளைகளைப் பழக்குவோம். அந்த வேலையில் தமிழ்ப் பாட ஆசிரியருக்கும் பங்குண்டு.