பண்டிகைக் கைப்பணியும் ஓலை இழைக்கும் கைகளும்

விளக்கீடு முடிந்த கையோடு யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் கைப்பணிப் பயிற்சிப் பட்டறைகள் சுறுசுறுப்படைகின்றன. நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் என்று பண்டிகைகள் வரிசையாக வருகின்றன. வெளிநாட்டு உறவினரும் விடுமுறைக்கு ஊர் திரும்புகின்றனர். அலங்காரப் பொருளுக்கும் அன்பளிப்புப் பொருளுக்கும் கிராக்கி பிறக்கும் காலம் இது. புத்தூர்ப் பக்கத்தில் இத்தகைய பட்டறையொன்றைப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. பாயில் அமர்ந்து பெண்கள் பனையோலை இழைத்துக்கொண்டிருந்தனர். முடிந்த பொருள்கள் மேசையில் அடுக்கப்பட்டிருந்தன: நட்சத்திரங்கள், மணிகள், சிறகு விரித்த தேவதைகள், பூச்சாடிகள், பரிசுப் பெட்டிகள், ஒரு சாண் உயரத்தில் நத்தார் மரங்கள்.

இலக்கிய ஏட்டில் ஓலை நட்சத்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இருப்பர். ஒரு சிறுகதையை ஆராயும்போது அதன் உருவம் எங்கிருந்து பிறந்தது, அது யாருடைய வாழ்வைப் பேசுகிறது, யாருக்காகப் பேசுகிறது என்று நாம் கேட்கிறோம். அதே கேள்விகளை ஓலைப் பெட்டியிடம் கேட்கத் தயங்குவதற்குக் காரணம் ஒன்றுதான். எழுத்தைக் கலை என்றும் இழைப்பைத் தொழில் என்றும் பிரித்துவைத்த பழைய மனப்பான்மை முற்போக்காளராகிய எம்மிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பனையோலை வேலை எளிதன்று. சார்வோலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமான இழைகளாக வார்ந்தெடுக்க வேண்டும். அகலம் இம்மியளவு பிசகினாலும் பின்னல் கோணும். சாயம் வேண்டுமாயின் கொதிநீரில் இட்டு எடுத்து மீண்டும் உலர்த்த வேண்டும். இழைக்கத் தொடங்குவதற்கு முன்பே பாதி உழைப்பு செலவாகிவிடுகிறது. அதன் பின்னரே கை, கணக்கை எடுத்துக்கொள்கிறது. கடகத்தைப் பாருங்கள்: அடி சதுரம், வாய் வட்டம். சதுரத்திலிருந்து வட்டத்துக்கு ஓலை நகரும் விதம் ஒரு கேத்திர கணித வித்தை. அதைச் செய்பவர் பெரும்பாலும் பாடசாலையில் கேத்திர கணிதம் படிக்காதவர். மண்ணும் எருவும் வெங்காயமும் சுமக்க வேண்டும் என்பதால் கடகம் இரட்டைப் பின்னலாயிற்று. விளிம்பு பிரியாதிருக்க நாரினால் பொத்தப்பட்டது. நீத்துப்பெட்டி கூம்பாக இருப்பது அழகுக்காக அன்று. கீழிருந்து வரும் ஆவி ஓலையின் இடைவெளிகளால் புகுந்து பிட்டுமாவை ஒரே சீராக அவிக்க அந்த வடிவமே பொருந்தும். தேவையிலிருந்து பிறந்து, தேவையை மீறி அழகாகிவிட்ட உருவங்கள் இவை.

இந்தக் கண்ணோடு பட்டறை மேசையை நோக்கினால் நமது தீர்ப்பு ஒரே மாதிரி அமைய முடியாது. நட்சத்திரத்தில் குறை காண்பதற்கில்லை. இழையை மடித்து மடித்துக் கூராக்கும் முறை எமது குருத்தோலைத் தோரண மடிப்பின் உறவு. ஓலை தன் இயல்புக்கு மாறாக எதையும் செய்யவில்லை. பரிசுப் பெட்டிகள் அதனினும் மேல். மூடிபோட்ட பழைய பெட்டிகளின் பின்னலையே சிறிதாக்கியிருந்தனர். நகையோ கடிதமோ பனங்கட்டியோ வைக்கலாம். பண்டிகை கழிந்த பின்னும் வீட்டில் பயன்படும். ஆனால் அந்த நத்தார் மரம்? பனியைக் கண்டறியாத ஊரில், பனிநாட்டு ஊசியிலை மரத்தைப் பனையோலையால் செய்து, நுனியில் வெள்ளைப் பூச்சுப் பூசி, மினுங்கும் பிளாஸ்ரிக் இழையால் சுற்றியிருந்தனர். ஓலை அங்கே வேறொன்றாக வேஷம் போடுகிறது. இழைத்த பெண்ணின் திறமையில் எள்ளளவும் பழுதில்லை. பழுது அவரிடம் கொடுக்கப்பட்ட மாதிரியில். மாதிரியைத் தேர்ந்தவர் வாங்குபவரின் கண்ணைப் பார்த்தார். ஓலையைப் பார்க்கவில்லை, இழைப்பவரைக் கேட்கவுமில்லை. (கிறிஸ்தவப் பண்டிகை என்பது இங்கே குற்றமன்று. எமது தேவாலயங்களில் குருத்தோலை ஞாயிறு கொண்டாடப்படும் விதமே, இந்த மண்ணின் ஓலை அந்தச் சமயத்துக்கு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பதற்குச் சான்று.)

உருவத்தைப் பற்றி இவ்வளவு போதும். உள்ளடக்கத்துக்கு வருவோம், கசப்பு அங்கேதான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பண்டிகை அலங்காரம் ஒருபோதும் சாதிக்கு வெளியே நின்றதில்லை. கலியாணப் பந்தலுக்கும் இழவு வீட்டுக்கும் வெள்ளை கட்டுவது சலவைத் தொழிலாளரின் குடிமைக் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. மங்கலத்துக்கு ஒரு மடிப்பு, அமங்கலத்துக்கு வேறொரு மடிப்பு என்று தோரணத்தில் நுண்ணிய இலக்கணம் வகுத்த சமூகம், தன்னை அலங்கரித்த கையைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தியது. ஓலைக்கும் இதே கதைதான். பனையோடு வாழ்ந்து, சீவி, வெட்டி, இழைத்தவர்களிற் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஒடியற் கூழைப் பிளாவில் குடிப்பதன் ருசியை இன்று நாம் எல்லோரும் மெச்சுகிறோம். வேலியோரம் நின்ற கூலியாளுக்குப் பிளா ருசிக்காகக் கொடுக்கப்படவில்லை. வீட்டுப் பாத்திரத்தை அவர் தொடக்கூடாது என்பதற்காகக் கொடுக்கப்பட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னரும் 1966 ஒக்டோபர் 21இல் ஊர்வலமாகச் செல்லவும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நிற்கவும் வேண்டியிருந்தது. புத்தூரிலோ 2017இலும் கலைமதி கிராம மக்கள், தம் குடியிருப்புகளுக்கு நடுவே பிணம் எரிப்பதை நிறுத்தக் கோரி மாதக்கணக்கில் போராட நேர்ந்தது. இவையெல்லாம் பழங்கதை என்று சொல்லும் வசதி இவ்வூருக்கு இல்லை.

கைப்பணியைப் போற்றுவோர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை மேற்கோள் காட்டுவது வழக்கம். அவரது பெருமையை நாம் மறுக்கவில்லை. இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுக்கு வந்தவர், கிராமந்தோறும் சென்று அழிந்துகொண்டிருந்த கலைகளைக் கண்டு, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அதனை அச்சிட்டார் என்பது தற்செயலன்று. யந்திரம் மனிதனின் கையிலிருந்து ஆனந்தத்தைப் பறித்துவிட்டது என்ற எண்ணம் இருவருக்கும் பொது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மொறிஸ் தம் கைவினைப் பொருள்களைச் செல்வர் மட்டுமே வாங்க முடிகிறது என்பதைக் கண்டு மனம் வெதும்பினார். அந்த வெதும்பல் அவரைச் சோஷலிசத்துக்குக் கொண்டுவந்த காரணங்களில் ஒன்று. குமாரசுவாமியோ 1909இல் இந்தியக் கைவினைஞனைப் பற்றி எழுதியபோது பரம்பரைக் குலத்தொழிலின் ஒழுங்கில் ஓர் இசைவைக் கண்டார். அவர் கண்ட இசைவை, கோயிலை அலங்கரித்துவிட்டு வெளியில் நின்றவரின் இடத்திலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை.

இன்றைய பட்டறை குலத்தொழிலை உடைத்திருக்கிறது. இதனை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும். ஒரே பாயில் பல குடும்பத்துப் பெண்கள் அமர்கின்றனர். கற்றுக்கொடுப்பவர், முன்பு எவர் வீட்டுப் படியும் ஏற விடப்படாத தாயின் மகளாக இருக்கலாம்; அவரை மற்றவர்கள் "ரீச்சர்" என்று அழைக்கின்றனர். இந்த ஒரு சொல்லுக்காகவே பட்டறைகள் நடக்கலாம்.

ஆயின் 2009க்குப் பிந்திய வடக்கில் இப்பெண்கள் பட்டறைக்கு ஏன் வருகிறார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குவோர் பலர். நுண்கடன் நிறுவனங்கள் வாரந்தோறும் வாசலுக்கு வந்து தவணை கேட்ட துயரம் இப்பகுதிகள் நன்கறிந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடி அரிசி விலையையும் சாய விலையையும் ஒருங்கே ஏற்றிற்று. ஆகவே மேசைமீதுள்ள நட்சத்திரம் பொழுதுபோக்கன்று. ஒன்றைச் செய்ய இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். காலை முதல் மாலை வரை குனிந்திருந்தால் நான்கு. அந்த நான்கின் விற்பனை ஒரு தோட்டக் கூலியின் நாட்சம்பளத்தை எட்டுகிறதா? ஓலை வாங்கியது, உலர்த்தியது, வார்ந்தது, வேகவைத்த விறகு இவையெல்லாம் விலையில் உண்டா? நாம் கேட்டபோது ஒருவர் சிரித்தார். "ஓலை பின்னிறதுக்கு என்ன கணக்கு, கை சும்மா இருக்கிற நேரம்தானே" என்றார். கை சும்மா இருக்கிற நேரம்! பெண்ணின் நேரத்தை விலையற்றதாக்கும் சமுதாயம், அதை அப்பெண்ணின் வாயாலேயே சொல்லவைத்திருக்கிறது. அதே நட்சத்திரம் கொழும்பில் கண்ணாடிப் பேழையில் ஏறும்போது "கையால் செய்யப்பட்டது" என்ற சீட்டோடு விலை பன்மடங்காகிறது. எந்தக் கையால் என்று சீட்டு சொல்வதில்லை. பண்டம் தன்னைச் செய்த உழைப்பை மறைத்துக்கொள்ளும் மாயத்தை மார்க்ஸ் 1867இல் விளக்கினார். கையால் செய்தது என்று பெருமை பேசும் பொருளிலும் கை மறைந்து போவதுதான் புதுமை.

அப்படியானால் பட்டறைகளை மூடிவிடலாமா என்று சிலர் எம்மை மடக்குவர். மூட வேண்டியதில்லை, தலைகீழாக நிற்பதை நிமிர்த்தினால் போதும். இப்போது முதலில் மாதிரி வருகிறது, பிறகு வேலை, கடைசியில் யாரோ எழுதும் விலை. ஓலை வார்வதற்கு முன், முதல் நாளே, நேரக் கணக்கை இழைப்பவர்களே கொப்பியில் எழுதட்டும். விற்பனையைத் தனித்தனியே தரகரிடம் விடாமல் சங்கமாக நடத்தட்டும். கள் இறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு தவறணைகளைத் தாமே நடத்திய அனுபவம் குடாநாட்டுக்குப் புதிதன்று. மாதிரி எது என்பதைத் தீர்மானிக்கும்போது நீத்துப்பெட்டி இழைத்த கிழவியையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளட்டும்.

ஆசிரியர்களாக உள்ள எமது வாசகர்களிடம் ஒரு வார்த்தை. பாடசாலைகளில் கைப்பணி என்ற பெயரில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? கடையில் பளபளப்புத் தாளும் பசையும் வாங்கி, தாய் இரவிரவாக ஒட்டிக் கொடுத்ததைக் காலையில் சமர்ப்பித்துப் புள்ளி பெறுகிறார்கள். பாடசாலை மதிலுக்கு அப்பால் வடலிகள் நிற்கின்றன. அவற்றுக்கும் அப்பால் கடகம் பொத்தத் தெரிந்தவரின் வீடு இருக்கிறது. வரும் தவணையில் அவரை வகுப்புக்கு அழையுங்கள். கதிரை கொடுத்து, வெளியிலிருந்து வரும் விரிவுரையாளருக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவையும் கொடுத்து அழையுங்கள். அந்தக் கதிரைக்கு எதிர்ப்புச் சொல்ல எவராவது எழுந்து வருவாராயின், அவர் பெயரை எமக்கு எழுதி அனுப்ப வேண்டாம். அவரையும் பாயில் உட்காரவைத்து ஓர் ஓலையை வாரச் சொல்லுங்கள்.