மாகாளிக்கிழங்கும் மலைக்காரர் உரிமையும்

ஸ்ரீரங்கத்து வீடுகளில் மாகாளிக்கிழங்கை மண் போக அலசி, தோலைச் சீவி, நடு நரம்பை எடுத்துவிட்டு நறுக்குவார்கள். கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு சேர்த்துத் தயிரில் ஊறப்போட்டால் ஊறுகாய். நறுக்கிய கையை எத்தனை கழுவினாலும் மணம் லேசில் போகாது.

அந்த மணமே கொடிக்கு எமனாகியிருக்கிறது. ஊறுகாய்க்கு மட்டுமல்ல, நன்னாரிக்கு மாற்றாக மருந்துச் சரக்கிலும் இந்த வேர் போகிறது. டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்னும் இக்கொடி தென்னிந்திய மலைச்சரிவுகளுக்கே உரியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக இடம்பெற்றுள்ளது. இலையையோ பழத்தையோ பறித்தால் செடி பிழைக்கும். இங்கே விலைபோவது வேர். காய்த்து விதை பறக்குமுன் தோண்டினால் அடுத்த தலைமுறையும் அதோடு போயிற்று.

இதைக் காக்க என்ன செய்திருக்கிறோம்? திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967-இல் தொடங்கிய ராபினாட் உலர்தாவரகம், எந்த மலையில் எது வளர்ந்தது என்பதற்குச் சான்று வைத்திருக்கிறது. இழப்பை அளக்க அது இன்றியமையாதது. இழப்பைத் தடுப்பது அதன் வேலையல்ல. 1993 முதல் வனத்துறையும் பெங்களூரு எஃப்.ஆர்.எல்.எச்.டி. அமைப்பும் சேர்ந்து அமைத்த மூலிகைப் பாதுகாப்புப் பகுதிகளில் கொல்லிமலையும் ஒன்று. தாய்ச்செடிகள் சொந்த மண்ணிலேயே நிற்பது பெரிய பலன். ஆனால் எல்லைக்கு வெளியே கடப்பாரை ஓயவில்லை என்றால் அந்தப் பகுதி ஒரு தீவுதான்.

பயிரிட்டால் தீருமா? பச்சைமலையில் மரவள்ளி போடும் மலையாளிப் பழங்குடி விவசாயிக்கு, விளைச்சலுக்குச் சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வது எளிதல்ல. காட்டு வேருக்குத் தோண்டும் கூலி மட்டுமே செலவு. அது தடையின்றிச் சந்தைக்கு வரும்வரை பயிர்க்கிழங்கு விலையில் தோற்கும்.

ஆகவே என் தீர்ப்பு 2006 வன உரிமைச் சட்டத்தின் பக்கம். சிறு வனப்பொருள் மீது மலைவாழ் மக்களுக்கு உரிமையையும், கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் தருவது அதுவே. எந்தச் சரிவை எத்தனை ஆண்டு ஓய்வாக விடுவது, ஒரு கொடியில் எத்தனை வேரை விட்டுவைப்பது என்பதை அங்கே முடிவு செய்யலாம். உரிமை பெற்றவர்களே அதிகம் தோண்டிவிட மாட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. இன்று எவரோ தோண்டி எவரோ விற்கும் வேருக்குப் பொறுப்பாளி என்று யாருமே இல்லை. அதைவிட, ஊருக்குத் தெரிந்த முகம் தோண்டுவது மேல். பாதுகாப்புப் பகுதி விதை கொடுக்கட்டும், உலர்தாவரகம் கணக்கு வைக்கட்டும். கிராம சபை முத்திரையுள்ள கிழங்குக்குக் கூடுதல் விலை தர ஸ்ரீரங்கத்துச் சமையலறைகள் முன்வர வேண்டும்.